பிஷப்பின் கொண்டை

வெர்லின் டோஸ்ட்ருடுக்கு ஓட்டை என்றாலே ஆகாது. அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கமாகப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, தாள் ஒரு சுருக்கமும் இல்லாமல் விறைத்து நிற்கிறவரை ஓயமாட்டார். கதவிடுக்கில் பழைய துணி. பிளக் பாயிண்டுகளுக்குப் பின்னால் பஞ்சு. முன்பு குடியிருந்தவர்கள் பூனைக்காக வைத்த சின்னக் கதவுக்கு நாலு ஆணி. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை பனி தள்ளுகிற லாரி ஓட்டிய மனிதர். குளிர் எந்த வழியாக வரும், வந்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். எண்ணத்துக்கு யார் என்ன செய்யமுடியும்?

அப்பேர்ப்பட்டவரிடம் அவருடைய மகள் சோல்வே நவம்பரில் ஒரு சேவலைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள். பின்கட்டில் அம்மாவின் கோழிகள் இருந்த கொட்டகைக்குள் அதை விட்டாள். கூரைக்குக் கீழே சுவரோரமாக நீளவாக்கில் பலகையை அறுத்து எடுத்து, அந்த இடைவெளிக்குக் கம்பிவலை அடித்தாள். போகிறபோது, "மேல இருக்குற ஓட்டைய மட்டும் அடைச்சிடாதப்பா" என்றாள்.

அந்த வாக்கியத்தில் வெர்லின் காதில் விழுந்தது கடைசிச் சொல் ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டிருக்கவில்லை. எந்த விதமாகவும் கூப்பிட்டிருக்கவில்லை. வீட்டுக்குப் போன் செய்வாள், அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்பாள். அவ்வளவுதான்.

காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரியும். சோல்வேயின் புருஷன் டேரின் வேறொருத்தி வீட்டுக்குப் போக வர இருந்தான். விஷயம் வெளியே வந்து, விவாகரத்து ஆயிற்று. அதுவரைக்கும் எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். ஆனால் வெர்லினும் டேரினும் சேர்ந்து மரத்தில் ஒரு மீன்குடில் கட்டியிருந்தார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதை இழுத்துக்கொண்டுபோய் ஐஸ் மேல் நிறுத்தி, கீழே ஐஸில் துளை போட்டு, உள்ளே அடுப்பை மூட்டிக்கொண்டு தூண்டில் போடுவார்கள். விவாகரத்து ஆன அந்தக் குளிர்காலத்திலும் வெர்லின் போனார். டேரினும் வந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள். "குடில்ல பாதி என்னோடது, நான் ஏன் போகாம இருக்கணும்?" என்று வெர்லின் நியாயம் பேசினார். சோல்வே அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை கிடைத்து அவள் குடிபெயர்ந்திருந்தாள். அந்த நகரத்தில் வீட்டில் கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது, கூவினால் அக்கம்பக்கத்துக்காரர்களுக்குத் தூக்கம் கெடும் என்று சட்டம். அதனால்தான் சேவல் அப்பா வீட்டுக்கு வந்தது. நல்ல உயர்ந்த ஜாதி. பழுப்பும் கறுப்புமாக உடம்பு, தலையில் பெரிய சிவப்புக் கொண்டை, பிஷப்புகள் வைத்துக்கொள்கிற தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதற்கு பிஷப் என்றே பெயர் வைத்திருந்தாள்.

அந்த நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் போன் வர ஆரம்பித்தது. "அப்பாகிட்ட குடும்மா." பிஷப் சாப்பிடுகிறானா, எத்தனை மணிக்குக் கூவுகிறான், கோழிகளைத் துரத்துகிறானா என்று கேட்பாள். வெர்லின் சொல்வார். சேவலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் டிவியை அணைத்துவிட்டு, போனுக்குப் பக்கத்து நாற்காலியில், ஏதோ தற்செயலாக உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆர்லிஸ், அவருடைய மனைவி, அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவாள். வாய் நீளமான பெண்தான். ஆனால் அதற்கு மட்டும் அவள் கேலி செய்ததில்லை.

ஜனவரி நடுவில் பெருங்குளிர் இறங்கப்போகிறது என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டுமாம். அந்த ஞாயிறு சோல்வே போனில், "குளிர் ரொம்ப வருதாமே. பிஷப்பப் பாத்துக்கோப்பா" என்றாள்.

பாத்துக்கோ என்றால் வெர்லின் அகராதியில் ஒரே அர்த்தம்தான். அடை.

போனை வைத்த கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வீட்டுச் சுவருக்குள் வைக்கிற கண்ணாடிப் பஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கூரைக்குக் கீழே இருந்த அந்த நீள இடைவெளியில் அதைத் திணித்தார். மேலே பலகை வைத்து அடித்தார். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள். கதவின் அடி இடுக்குக்குக் கம்பளம். ஹேர் டிரையரை நீள வயரில் மாட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து ஆர்லிஸ் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மேல ஓட்டைய அடைக்காதேன்னு அவ சொன்னா இல்ல?"

"அது சாதாரணக் குளிருக்குச் சொன்னது. இது வேற."

"அவ சாதாரணக் குளிருக்குன்னு சொல்லல. எனக்கும் காது இருக்கு."

"குளிரைப் பத்தி நீ எனக்கு கிளாஸ் எடுக்காத ஆர்லிஸ்."

ஆர்லிஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளும் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்த வீட்டில்தான் இன்னொரு வார்த்தை சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பிஷப் கூவவில்லை.

வெர்லின் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது குளிர் இல்லை. ஈரம். கோழி எச்சத்தின் காரம் கண்ணில் ஏறியது. டார்ச்சைத் திருப்பினார். உள்சுவர் முழுக்க வெள்ளை ரோமம் முளைத்த மாதிரி உறைபனி. ஜன்னல் தாளில், கூரையில், உட்காரும் கம்பில், எங்கே பார்த்தாலும் பனி. வெளியே எல்லாம் காய்ந்த குளிர். உள்ளேதான் நசநசவென்று இருந்தது.

பெட்டைக்கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறகை உப்பிக்கொண்டு இருந்தன. அவற்றின் கொண்டைகள் சின்னவை, தலையோடு ஒட்டியவை. ஒன்றும் ஆகவில்லை. பிஷப் கம்பின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் கொண்டை சிவப்பாக இல்லை. நுனிகளில் சாம்பல் வெள்ளையாக, மெழுகுவர்த்தி மெழுகு நிறத்தில் இருந்தது. வெர்லின் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. கழுத்துக்குக் கீழே தொங்குகிற தாடி இரண்டும் அப்படியே. தண்ணீர் குடிக்கையில் நனைந்திருக்க வேண்டும், நுனியில் ஐஸ் மணிகள் தொங்கின.

சேவலைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சின்ன வயதில் அவர் மூக்கு இப்படி வெளுத்தபோது அவருடைய அப்பா பனியை அள்ளித் தேய்த்தது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். குனிந்து ஒரு பிடி பனியை அள்ளினார். கொண்டையில் வைத்துத் தேய்த்தார். நன்றாக, அழுத்தி, ரத்தம் ஓடட்டும் என்று தேய்த்தார்.

சமையலறைக் கதவு படீரென்று திறந்தது. இரவுடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்லிஸ் ஓடிவந்தாள்.

"வெர்லின்! என்ன பண்ற நீ? தேய்க்காத! கையை எடு!"

"ரத்தம் வரணும்ல..."

"வரும், தோலோட வரும்! உங்கப்பா காலத்து வைத்தியம் எல்லாம் செத்துப் போச்சு. குடு இங்க. குடுங்கிறேன்ல?"

தேய்த்த இடத்தில் கொண்டைத் தோல் ஓரிடத்தில் உரிந்திருந்தது. வெர்லின் தன் கையுறையைப் பார்த்தார். அதில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பழைய நாய்க்கூண்டு ஒன்றை வைத்து, வைக்கோல் பரப்பி, சேவலை விட்டார்கள். ஆர்லிஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, தேய்க்காமல், சும்மா கொண்டையின் மேல் போட்டுப் போட்டு எடுத்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொண்டையின் அடியிலிருந்து நிறம் ஏறியது. நிறம் ஏறினதும்தான் வலி ஆரம்பித்தது. அதுவரை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த சேவல் தலையை உதறிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. கூவல் இல்லை. வெர்லின் அப்படிப்பட்ட சத்தத்தைக் கேட்டதில்லை.

"வலிக்குது அதுக்கு" என்றாள் ஆர்லிஸ்.

"தெரியுது."

"தெரிஞ்சா சரி."

மறுநாள் கொண்டை வீங்கிவிட்டது. தாடி இரண்டும் தண்ணீர் கோத்துக்கொண்டு இரண்டு சின்னப் பைகளாகத் தொங்கின. தீனியைத் தொடவில்லை. ஆர்லிஸ் போனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"சோல்வேக்குப் போன் பண்ணு. பண்ணி, இப்படி ஆயிடுச்சும்மான்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிடுவா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என்ன பண்ணப் போற?"

"அதுக்குள்ள சரியாயிடும்."

"உனக்கு ஒரு விஷயம் சொல்றேன். சேவலுக்கு என்ன ஆனாலும் அவ மன்னிச்சிடுவா. மறைச்சா மன்னிக்க மாட்டா."

"நான் எங்க மறைக்கிறேன்? ஞாயித்துக்கிழமை சொல்றேன்னுதானே சொல்றேன்."

பூசி மெழுகுவதில் மனிதருக்கு இணை கிடையாது. ஆர்லிஸ் போனை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். வெர்லின் கூண்டுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மகளிடம் என்ன சொல்வது? நீ அடைக்காதே என்றாய், நான் அடைத்தேன் என்றா? நீ பாத்துக்கோ என்றாய், பார்த்துக்கொண்ட லட்சணம் இது என்றா? வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரப் பேச்சு இத்தோடு போய்விடும். அதுதான் அவருடைய பயம். வேறு பயம் இல்லை. சேவல் செத்துப்போகும் என்பதைக்கூட அவர் அந்த வழியாகத்தான் பயந்தார்.

அன்று சாயங்காலம் ஆர்லிஸ் படிக்கட்டில் நின்று, "சனிக்கிழமை அவ இங்க வராளாம். மத்தியானம் சாப்பிட" என்றாள்.

"எதுக்கு?"

"பெத்தவங்க வீட்டுக்கு வர காரணம் வேணுமா?"

வியாழக்கிழமை கொண்டையின் நுனிகள் கறுக்க ஆரம்பித்தன. பெட்ரோல் பங்கில் காலைக் காப்பி குடிக்கிற ஆண்களிடம் வெர்லின், யாரோ ஒருவர் வீட்டுச் சேவலைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். ஒருத்தர், கறுத்ததை உடனே சீவி எறிய வேண்டும், இல்லாவிட்டால் தலைக்குள் ஏறிவிடும் என்றார். இன்னொருத்தர், "சூப்புக்கு நுனி கறுத்தா என்ன, கறுக்காட்டி என்ன" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து மீன் அறுக்கிற கத்தியைத் தீட்டினார். வியாழக்கிழமைகளில் ஆர்லிஸ் சர்ச்சில் மற்ற பெண்களோடு ஒட்டுப் போர்வை தைக்கப் போவாள், வீட்டில் யாரும் இல்லை. சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கத்தியைக் கொண்டையருகே கொண்டுபோனார். பிஷப் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. எங்கே வெட்டுவது? கறுப்பு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது? நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. அது செத்ததா உயிரோடு இருப்பதா என்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

பிறகு போனை எடுத்தார். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை. விரல்களுக்குப் பழகிய எண் அது. டேரினின் எண்.

டேரின் கோழிப்பண்ணைக்காரரின் பிள்ளை. அரைமணியில் வந்துவிட்டான். முன்னைவிட மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான். கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, கத்தியைப் பார்த்தான், சேவலைப் பார்த்தான்.

"கத்திய எடுத்து உள்ள வைங்கப்பா முதல்ல."

சோல்வே பேசாமலிருந்த இரண்டு வருஷமும் அவரை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான்.

"வெட்டலேன்னா தலைக்குள்ள ஏறிடும்ங்கிறாங்களேடா."

"எந்த மடையன் சொன்னது? கறுத்தது கறுத்ததுதான். அது போயிடுச்சு. ஆனா அடியில உயிரோட இருக்கிறதுக்கு அதுதான் இப்ப மூடி. நீங்க வெட்டினா ரத்தம் கொட்டும், சீழ் வைக்கும். அப்படியே விடுங்க. காஞ்சு தானா விழும். மாசக்கணக்காகும். விழற வரைக்கும் தொடக் கூடாது. குளிர்லயும் விடக் கூடாது, திரும்ப உறைஞ்சா அவ்ளோதான்."

"பொழைச்சுக்குமா?"

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது."

"அப்ப பொழைச்சுக்கும். கொண்டைதான் பாதி இருக்காது."

பிறகு கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றான். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். அண்ணாந்து பார்த்து, பலகையைப் பிடுங்கி, கண்ணாடிப் பஞ்சை இழுத்தான். பஞ்சு இல்லை அது, ஐஸ் கட்டி. பொத்தென்று தரையில் விழுந்தது.

"இது யார் வேலை?"

வெர்லின் அந்த ஐஸ் கட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மூச்சுப்பா" என்றான் டேரின். "ராத்திரி பூரா அதுங்க மூச்சு விடுது. எச்சத்துல இருந்து ஆவி வருது. அந்த ஈரம் வெளியில போக வழி இல்ல. அதுவே கொண்டையில படிஞ்சு உறைஞ்சிருக்கு. வெளிக்குளிர் இல்ல இது. காஞ்ச குளிர் இத விட அதிகம் இருந்தாலும் சேவல் தாங்கும். ஈரம் தாங்காது."

"நான் நல்லதுன்னுதான்..."

"தெரியும்பா. எல்லாரும் பண்றதுதான். வீட்ட அடைக்கிற மாதிரி இதையும் அடைச்சிடுறோம்." அவன் கையுறையைத் தட்டிக்கொண்டான். "எங்கப்பா பண்ணையில பெரிய பெரிய ஃபேன், அதனால எனக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல நானும் இப்படித்தான் அடைச்சேன். சோல்வேதான் திட்டி, சொல்லிக்குடுத்தா."

அது வெர்லின் காதில் விழுந்தது. விழுந்தும் ஏறவில்லை. சில விஷயங்கள் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது.

வண்டியில் ஏறும்போது டேரின், "எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கா. சனிக்கிழமை வரா."

"நான் வந்தேன்னு சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்."

சனிக்கிழமை சோல்வே வந்தாள். கோட்டைக் கழற்றினாள், பூட்ஸைக் கழற்றினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அடுப்பிலிருந்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. வெர்லின் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் மறந்துபோய் நின்றார்.

"பிஷப் எங்கப்பா?"

"கீழ. வா. காட்டறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ அடைக்காதேன்னு சொன்ன. நான் அடைச்சிட்டேன். கொண்டை உறைஞ்சு போச்சு. அதுக்கு மேல பனியப் போட்டுத் தேய்ச்சிட்டேன். தோல் உரிஞ்சிடுச்சு. எல்லாம் நான் பண்ணதுதான். உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா."

கடைசி வாக்கியத்தை அவர் ஒத்திகையில் சேர்த்திருக்கவில்லை. தானாக வந்தது. ஆர்லிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோல்வே கழற்றிய பூட்ஸைச் சுவரோரமாக நேராக வைத்தாள்.

"எனக்குத் தெரியும்பா. அம்மா புதன்கிழமையே சொல்லிட்டாங்க. அதான் வந்தேன்."

"தெரியுமா?"

"நீயா சொல்றியா, இல்ல அது எங்கியோ இடிச்சுக்கிச்சு, பூனை பிறாண்டிச்சுன்னு கதை விடப்போறியான்னு பாக்கத்தான் வந்தேன்." அவள் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. "வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தேன் தெரியுமா? கதை விடுவியோன்னு."

வெர்லினுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இருவரும் கீழே இறங்கினார்கள். பிஷப் அவளைப் பார்த்ததும் கூண்டுக்குள் எழுந்து நின்றது. அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு அதன் மார்பைத் தடவினாள். "ஐயோ என் ராஜா. ஐயோ, என்னடா உன் தொப்பிய இப்படி ஆக்கிட்டாங்க" என்று கொஞ்சினாள். கண் கலங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். விளக்கை அருகே பிடித்துக் கொண்டையைப் பார்த்தாள். கறுத்த நுனிகள் காய்ந்து, அடியில் சிவப்பு தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"பரவால்லப்பா. நான் இதவிட மோசமா நினைச்சேன். நல்லாதான் பாத்திருக்க." அவள் கையை நீட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. அவருக்கு அந்தக் கையைப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை, பார்த்தால் எடுத்துவிடுவாளோ என்று. "எல்லாரும் பதறிப்போய்க் கறுத்தத வெட்டிடுவாங்க. நீ வெட்டாம விட்டியே, அதான் பெரிசு. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மகிழ்ச்சி ஒரு மனிதனின் வாயை எவ்வளவு சுலபமாகத் திறந்துவிடுகிறது.

"நம்ம டேரின்தான் சொன்னான்" என்றார் வெர்லின்.

துணி காயவைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிற மாதிரி அவர் கேட்டார். சோல்வேயின் கை சட்டைக் கையிலிருந்து இறங்கியது.

"நம்ம டேரினா?"

"இல்லம்மா, அது ஒரு பேச்சுக்கு..."

"யாரு நம்ம? நானும் சேந்தா அதுல?"

"அவசரத்துக்கு வேற யாரும் கிடைக்கல. அவங்கப்பா பண்ணை வச்சிருந்தவரு..."

"என் நம்பர் உங்கிட்ட இருக்கு இல்ல?"

வெர்லின் குனிந்து தரையில் சிந்தியிருந்த வைக்கோலைப் பொறுக்கினார்.

"சேவல் என்னோடது. கொட்டகைய சரி பண்ணது நான். அடைக்காதேன்னு சொன்னது நான். நான் போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேன் வெட்டாதேன்னு. அத விட்டுட்டு அவனக் கூப்பிட்டிருக்க."

"உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துதும்மா. நீ மறுபடியும் பேசாம போயிடுவியோன்னு."

அதைவிட உண்மையான வார்த்தை அந்த மனிதர் வாழ்நாளில் சொன்னதில்லை. சோல்வே அதைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"கொண்டை போனதுக்கு எனக்குக் கோவமே இல்லப்பா. தெரியாம பண்ண. ஒரு கஷ்டம்னு வந்ததும் உன் கை தானா எங்க போகுதுன்னு பாத்தியா? அதான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மேலே வந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஆர்லிஸ் மகள் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், எல்லோர் தட்டிலும் இரண்டாவது தடவை பரிமாறினாள். சோல்வே தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சமையல் நன்றாக இருக்கிறது என்றாள். ரோட்டில் பனி எப்படி இருந்தது என்று சொன்னாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால் தேவலை என்று வெர்லினுக்கு இருந்தது.

கிளம்பும்போது சேவலைத் தான் எடுத்துப்போவதாகச் சொன்னாள். நகரத்துக்கு வெளியே அவளோடு வேலை செய்கிற பெண்ணுக்குப் பண்ணை வீடு இருக்கிறதாம், சூடான அறை இருக்கிறதாம்.

"இங்கயே இருக்கட்டுமேம்மா" என்றார் வெர்லின். "இப்ப தெரிஞ்சுக்கிட்டேன் இல்ல. நான் பாத்துக்கிறேன். தினமும் பாத்துக்கிறேன்."

"தெரியும்பா. நீ பாத்துப்ப."

அவள் கூண்டைத் தூக்கினாள். அவர் வாங்கிக்கொள்ளப் போனார், அவள் கொடுக்கவில்லை. காரின் பின்சீட்டில் வைத்துப் போர்வையைச் சுற்றினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெர்லின் கோட்டு போடாமல் வாசலில் நின்றுகொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு."

"அம்மாவுக்குப் பண்றேன்" என்றாள் சோல்வே.

இருட்டின கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஆர்லிஸ்தான் எடுத்தாள். வெர்லின் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆர்லிஸ் ம் என்றாள், சரி என்றாள், ரோடு வழுக்கலையே என்று கேட்டாள். பிறகு சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிஷப் எப்படி இருக்கானாம்? கேளேன்" என்றார் வெர்லின். "சாப்பிட்டானாமா, கேளு."

"நல்லா இருக்கானாம்" என்றாள் ஆர்லிஸ் உடனே. "சாப்பிட்டானாம். உன்கிட்ட சொல்லச் சொன்னா."

அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே போனிலிருந்து பீப், பீப் என்று வெட்டுப்பட்ட இணைப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெர்லினுக்கு அது நாற்காலி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. "சரி, நல்லது" என்றார் அவர்.